மெக்னீசியம்: உணவா, மாத்திரையா, முதலில் ரத்தப் பரிசோதனையா?

"அப்பா நிமோனியாவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். இனி அப்படி வராமலிருக்க மெக்னீசியம் கொடுக்கச் சொல்கிறார்கள். கடையில் மூன்று விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?"

இந்தக் கேள்வி சின்னச் சின்ன மாற்றங்களோடு என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். வீட்டில் சுகரோ பிபியோ உள்ள வயதானவர் ஒருவர் இருப்பார், ஒரு தடவை கடுமையான தொற்றில் மாட்டிப் பிழைத்திருப்பார். அந்தப் பயம் நியாயமானது. "எல்லாம் சாப்பாட்டிலேயே இருக்கிறது" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இருக்கும் வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன்.

## மெக்னீசியத்துக்கும் தொற்றுக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது. 2022 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் ஹெஸ் குழு ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்வது சிடி8 டி-செல்களின் வேலை. இவை ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. அவற்றின் மேற்பரப்பில் எல்எஃப்ஏ-1 என்றொரு புரதம் உண்டு. குறிவைத்த செல்லை இறுக்கிப் பிடிக்கும் கொக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் திரவத்தில் போதிய மெக்னீசியம் இருந்து, அது அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்தால்தான் கொக்கி முழுதாக விரிந்து பிடிக்கிறது. குறைந்தால் டி-செல் எதிரியின் பக்கத்திலேயே நின்றாலும் பிடி தளர்ந்துவிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. வைட்டமின் டி முதலில் கல்லீரலிலும் அப்புறம் சிறுநீரகத்திலும் மாறித்தான் உடம்புக்கு உதவும் வடிவத்துக்கு வருகிறது. இரண்டு படியிலும் வேலை செய்யும் நொதிகளுக்கு மெக்னீசியம் வேண்டும். வைட்டமின் டி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் அளவு ஏறவில்லை என்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

ஆனால் இங்கிருந்து "நிறைய மெக்னீசியம் எடுத்தால் நிறையப் பாதுகாப்பு" என்று தாவிவிடக் கூடாது. 2011-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் மைக்கேல் லெனார்டோ குழு, மேக்டி1 என்ற மரபணு பழுதான சில ஆண்பிள்ளைகளைப் பற்றி எழுதியது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் அவர்கள் உடம்பை விட்டுப் போகவே இல்லை. செல்லுக்குள் மெக்னீசியம் சரியாகப் போகாததே காரணம் என்று பட்டதால், மெக்னீசியம் கொடுத்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பிறந்தது. பின்னால் முறையாகக் கொடுத்துச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. அந்த மரபணுவின் முக்கிய வேலை புரதங்களில் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோப்பதில் இருக்கிறது என்று தெரியவந்தது. பொறி இப்படித்தான் ஓடுகிறது என்று தெரிவது ஒன்று, மாத்திரை கொடுத்தால் ஆள் பிழைப்பது வேறொன்று.

கொரோனா காலத்தில் பலரும் பகிர்ந்த சிங்கப்பூர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 50 வயதுக்கு மேற்பட்ட 43 நோயாளிகள். அதில் 17 பேருக்குத் தினமும் வைட்டமின் டி, 150 மி.கி. மெக்னீசியம், வைட்டமின் பி12 மூன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த 17 பேரில் 3 பேருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. கொடுக்காத 26 பேரில் 16 பேருக்குத் தேவைப்பட்டது. கேட்கப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஆட்கள் மிகக் குறைவு, குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, மூன்றையும் ஒன்றாகக் கொடுத்ததால் எது வேலை செய்தது என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. இதை வைத்து ஒரு மருந்தை நம்ப நான் தயாரில்லை.

ஆக, மெக்னீசியம் குறைந்தால் உடம்பின் தற்காப்பு தளரும். குறையில்லாத உடம்பில் மேலும் கொட்டினால் கடுமையான தொற்று வராது என்று பெரிய சோதனை எதுவும் காட்டவில்லை. கீழே வருவது எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

நான்கு கேள்விகள். இவருக்குக் குறை இருந்தால், இந்த வழி அதை நிஜமாக நிரப்புமா? தொற்று வந்து படுத்திருக்கும் நாளில் மற்ற மருந்துகளோடு மோதுமா? சிறுநீரகம் தாங்குமா? வயிறும் பணமும் கெடாமல் ஆறு மாதம் தொடர முடியுமா?

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதன்மையானது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## சாப்பாடு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வெளியிட்ட அளவுப்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 440 மி.கி., பெண்களுக்கு 370 மி.கி. வேண்டும். மூன்று வேளையும் வெள்ளை அரிசியே என்றால் அந்தப் பக்கமே போக முடியாது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 20 மி.கி.தான் இருக்கிறது. மெக்னீசியம் தவிட்டில் இருக்கிறது, நாம் அதைத் தீட்டி மாட்டுக்குப் போடுகிறோம். கம்பில் சுமார் 120, கேழ்வரகில் 140-க்கு மேல். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, வேர்க்கடலை எல்லாம் 170 முதல் 200 வரை. எள் 350-ஐ ஒட்டி நிற்கிறது. பூசணி விதை 500-ஐத் தாண்டும், ஆனால் விலையைப் பார்த்தால் தினசரிக்கு ஆகாது. எள்ளும் கடலையும் போதும்.

ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். காலையில் கம்பங்கூழ் அல்லது கேழ்வரகு தோசை, மாவு 100 கிராம். மதியம் ஒரு கீரை, இரவு ஒரு கிண்ணம் சுண்டல், மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். இதிலேயே 350-ஐ நெருங்கிவிடலாம். மிச்சத்தைச் சோறும் காய்களும் பார்த்துக்கொள்ளும். தானியத்தில் உள்ள ஃபைடிக் அமிலம் மெக்னீசியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி குறையும். கூழ் கரைத்து ராத்திரி வைத்திருந்து காலையில் குடித்த வழக்கம் இதற்கும் உதவியிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று தண்ணீர். கிணற்று நீரிலும் போர் நீரிலும் மெக்னீசியம் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு லிட்டருக்கு 30 மி.கி. வரை ஏற்கிறது. அப்படிப்பட்ட நீரை இரண்டு லிட்டர் குடித்தால் 60 மி.கி. நோகாமல் வந்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் அதையும் சேர்த்தே வடிகட்டுகிறது, கேன் தண்ணீரும் பெரும்பாலும் அப்படித்தான். உப்புத்தண்ணீர் வரும் ஊரில் ஆர்.ஓ.வை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த இழப்பைத் தட்டில் ஈடுகட்டுங்கள் என்கிறேன். இரண்டாவது, கீரையும் பயறும் வேகவைத்த நீரைக் கொட்டுவது. அதை ரசத்துக்கு எடுத்துக்கொண்டால் அந்த இழப்பு இல்லை.

சாப்பாட்டு மெக்னீசியம் சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அளவு மிஞ்சாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். வேகம்தான் இதன் குறை. ரத்தத்தில் அளவு நன்றாக இறங்கிப்போன ஒருவரைக் கம்பங்கூழால் ஒரு வாரத்தில் தூக்கி நிறுத்த முடியாது. பசியே இல்லாமல் நான்கு வாய் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் முதியவருக்கும் இது மட்டும் போதாது.

## மாத்திரை

கடையில் காட்டும் மூன்று விதம் பெரும்பாலும் ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட். ஆக்சைடின் எடையில் 60 சதவீதம் மெக்னீசியம். மலிவு. ஆனால் குடலில் சரியாகக் கரையாது, பெரும்பகுதி வயிற்றுப்போக்காக வெளியேறும். சிட்ரேட் நன்றாக உறிஞ்சப்படும், மலம் இளக்கும். மலச்சிக்கல் உள்ளவருக்கு அது கூடுதல் லாபம். கிளைசினேட் வயிற்றுக்குச் சாது, விலை கூடுதல்.

அட்டையைப் படிப்பதில் ஏமாந்துவிட வேண்டாம். "மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதில் மெக்னீசியம் சுமார் 140 மி.கி.தான், மிச்சம் கிளைசின். தனிம மெக்னீசியம் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் நாமாக எடுப்பதற்கு அமெரிக்காவில் 350, ஐரோப்பாவில் 250 மி.கி. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இது மாத்திரைக்கு மட்டும், சாப்பாட்டுக்கு இல்லை.

இனி அந்த இரண்டாவது கேள்வி. எங்கள் அம்மாவுக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா ஒன்று உண்டு. ஒரு கார்த்திகை மாதம் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தபோது மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதினார். நான்தான் டப்பாவை நிரப்பினேன். காலைக் கட்டத்தில் பிபி மாத்திரை, கேஸ் மாத்திரை, பக்கத்திலேயே ஒரு சொந்தக்காரர் சொல்லி வாங்கிய மெக்னீசியம், அதன்மேல் புதிதாக வந்த மஞ்சள் கேப்சூல். இரவுக் கட்டத்திலும் அதே ஜோடி. நான்காம் நாளும் காய்ச்சல் விடவில்லை. வேறு மருந்து வாங்கக் கடைக்குப் போனபோது, கடையிலிருந்த மருந்தாளுநர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேற என்னம்மா சாப்பிடறாங்க?" என்று கேட்டார். மெக்னீசியம் என்றதும் அவர் முகம் மாறியது.

டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளோடு மெக்னீசியம் வயிற்றிலேயே பிணைந்துகொள்ளும். பிணைந்தது குடலில் ஏறாது. தொற்றைக் கொல்ல வந்த மருந்தின் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறிவிடும். அம்மாவுக்குக் காய்ச்சல் நீண்டது இதனால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தொற்றிலிருந்து காப்பாற்றும் என்று நம்பி வாங்கிய ஒன்றை, தொற்றுக்கான மருந்தின் தோளிலேயே என் கையால் வைத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆன்டிபயாடிக்கை முதலில் கொடுத்துவிட்டு மெக்னீசியத்தைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ள வேண்டும். மெக்னீசியம் முதலில் போயிருந்தால் ஆறு மணி நேரம் காத்திருப்பது நல்லது. என்னைக் கேட்டால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு அந்த ஐந்தாறு நாள் மெக்னீசியத்தை நிறுத்தி வைப்பதே சுலபம். அமாக்சிசிலினோடு இந்த மோதல் இல்லை. தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவங்களிலும் மெக்னீசியம் இருக்கிறது, அதற்கும் இதே விதிதான்.

சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவர் சொல்லாமல் மெக்னீசியம் மாத்திரையைத் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, பிபி இறங்கி, தசைகள் தளர்ந்து, மூச்சே அடங்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். பத்து, பதினைந்து வருட சுகர் இருந்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

## பரிசோதனையும் மருந்துச்சீட்டும்

ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. வயதானவர்களிடம் மெக்னீசியம் குறைவதற்குச் சாப்பாட்டைவிட அவர்கள் வருடக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளே காரணமாக இருப்பதுண்டு.

முதல் சந்தேகம் கேஸ் மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல். வெறும் வயிற்றில் ஒன்று என்று யாரோ எப்போதோ எழுதியது, ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். இவற்றை நீண்டகாலம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், எடுத்தால் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 மார்ச்சில் எச்சரித்தது. அவர்கள் ஆராய்ந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்தும் அளவு ஏறவில்லை, கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. மாத்திரைக்கு மேல் மாத்திரை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அடுத்தது நீர் பிரியும் மாத்திரைகள். ஃப்ரூசமைடு தனியாக வரும், எளிதில் தெரிந்துவிடும். ஹைட்ரோகுளோரோதயசைடு பிபி மாத்திரைக்குள் ஒளிந்து வரும். மருந்தின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது இருக்க வாய்ப்புண்டு. கட்டுக்கடங்காத சுகரும் சிறுநீரோடு மெக்னீசியத்தை இழுத்துக்கொண்டு போகும். தினசரிக் குடியும் அப்படியே. ஆஸ்பத்திரியில் ஜென்டாமைசின், அமிகாசின், ஆம்ஃபோடெரிசின் போன்ற தொற்று மருந்துகள் ஏற்றி வந்தவர்களுக்கும் சிறுநீரகம் வழியாக இழப்பு உண்டு.

பரிசோதனை எளிது. சீரம் மெக்னீசியம் என்று கேட்டால் எடுப்பார்கள், பொதுவாகச் சில நூறு ரூபாய் ஆகும். பெரும்பாலான லேப்களில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 1.7 முதல் 2.2 மி.கி. வரை இயல்பு. இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது, ரத்தத் திரவத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் அளவு இயல்பு என்று வந்தாலும் இருப்பு குறைந்திருக்கலாம். ஆனால் குறைவு என்று வந்துவிட்டால் அது நிச்சயக் குறைவு. கூடவே பொட்டாசியமும் கால்சியமும் பாருங்கள். மெக்னீசியம் இறங்கினால் அவையும் இறங்கலாம், மெக்னீசியத்தைச் சரி செய்யாமல் பொட்டாசியம் ஏறாது.

அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அம்மாவுக்கு எடுத்தோம். மெக்னீசியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தும் 1.3. ஆறு வருடப் பான்டோப்ரசோல். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதை வயசு என்று நினைத்திருந்தோம். மருத்துவர் கேஸ் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறு வகை அமில மாத்திரையான ஃபாமோடிடினுக்கு மாற்றினார். அம்மா ரத்தத்தை உறையவிடாத மருந்து எதுவும் எடுக்கவில்லை, வயிற்றில் புண் இருந்த வரலாறும் இல்லை, அதனால் மாற்ற முடிந்தது. அவை உள்ளவர்கள் தாமாகக் கேஸ் மாத்திரையை நிறுத்தினால் ரத்தக்கசிவில் முடியலாம். முடிவு மருத்துவருடையது. நம் வேலை சீட்டை எடுத்துப்போய்க் கேட்பது.

தொற்று நாளில் இந்தப் பரிசோதனை கூடுதலாக முக்கியம். நிமோனியாவுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசினும் லீவோஃப்ளாக்சசினும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சற்றே நீட்டும். மெக்னீசியம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அந்த நீட்சி ஆபத்தான துடிப்புக் கோளாறாக மாறலாம்.

## டிரிப், எப்சம் உப்பு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசிவழி மெக்னீசியம் சல்ஃபேட் அருமையான மருந்து. கர்ப்பகால வலிப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002-இல் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த சோதனை காட்டியது. கடுமையான டெட்டனஸில் வியட்நாமில் கொடுத்துப் பார்த்தார்கள் (2006). வென்டிலேட்டர் தேவை குறையவில்லை, மயக்க மருந்தின் தேவை குறைந்தது. இதெல்லாம் மானிட்டர் ஓடும் வார்டில் நடப்பவை. எதிர்ப்புச் சக்திக்கு என்று வெளியே விற்கும் டிரிப்புக்கு இந்த ஆதாரம் எதுவும் பொருந்தாது. பணம் போவதோடு, கையில் ஊசித்துளையும் அதன் வழியாகத் தொற்று வரும் வாய்ப்பும் மிச்சம். எப்சம் உப்பு (இதுவும் மெக்னீசியம் சல்ஃபேட்தான்) கரைத்த நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும், தோல் வழியாகப் போதிய மெக்னீசியம் ஏறும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு ஏற்றது | எப்போது போதாது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| சாப்பாடு | சிறுநீரகக் கட்டுப்பாடு இல்லாத எல்லோருக்கும் | ரத்த அளவு நன்றாக இறங்கியபின், பசியே இல்லாதபோது | வேகம் குறைவு, ஆர்.ஓ. நீரில் இழப்பு |
| மாத்திரை | குறை உறுதியானவர், சிறுநீரகம் சரியாக உள்ளவர் | கேஸ் மாத்திரை ஓட்டை திறந்திருக்கும்போது | ஆன்டிபயாடிக், தைராய்டு மாத்திரையோடு மோதல், வயிற்றுப்போக்கு |
| பரிசோதனை, மருந்துச்சீட்டு | 60 வயதைத் தாண்டியவர், சுகர், நீண்டகால மாத்திரை உள்ளவர் | இருப்புக் குறைவு ரத்தத்தில் தெரியாதபோது | ஒரு லேப் நடை, மருத்துவரிடம் ஒரு பேச்சு |
| டிரிப் | ஆஸ்பத்திரி வார்டில் மட்டும் | வீட்டுத் தடுப்புக்கு ஆகாது | பணம், பிபி இறக்கம், ஊசித் தொற்று |

## அதே பணத்துக்கு இன்னொன்று

யாரும் கேட்காத வழி இது, ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். கேள்வி கடுமையான தொற்றைத் தடுப்பது என்றால், மெக்னீசியத்தோடு ஒப்பிட வேண்டியது தடுப்பூசியை. நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 84,500 பேரிடம் நியூமோகாக்கல் தடுப்பூசியை (நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது) சோதித்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். ஊசியில் அடங்கிய வகைக் கிருமிகளால் வரும் நிமோனியா சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தது. மெக்னீசியத்துக்கு இந்த அளவுக்கு ஒரு சோதனை கிடையாது. கிளைசினேட் டப்பா மாதாமாதம் வாங்கும் காசைச் சில மாதம் சேர்த்தால் ஊசிக்கு ஆகிவிடும். கூடவே வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி.

## அந்த அப்பாவுக்கு

ஒன்பது நாள் படுத்து வந்தவருக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரமே அவர் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்த கேஸ் மாத்திரை எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மெக்னீசியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கிரியேட்டினின் சரியாக இருந்தால் காலை இட்லியில் பாதி நாளைக் கேழ்வரகுக்கோ கம்புக்கோ மாற்றுங்கள். பல் இல்லாதவருக்கு வேர்க்கடலையை அரைத்துத் துவையலாக, எள்ளைப் பொடியாக. மெக்னீசியம் குறைவு என்று வந்தால் மட்டும் மாத்திரை. சிட்ரேட்டா கிளைசினேட்டா என்பதை அவர் வயிறு முடிவு செய்யட்டும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஒரு ரத்தம். அளவு ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டாதீர்கள், சீட்டில் எந்த ஓட்டை மிச்சம் என்று திரும்பத் தேடச் சொல்லுங்கள். பலம் திரும்பியதும் எந்த ஊசி, எப்போது என்றும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டப்பா நிரப்பும்போது மெக்னீசியத்தை இரவுக் கட்டத்தில் தனியாக வையுங்கள். டப்பாவின் மூடியில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டி, "காய்ச்சல் மருந்து எழுதினால் இதைப் பற்றிக் கேட்கவும்" என்று எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டு மூடியில் இப்போது அது இருக்கிறது.